தெரியாத வெளிச்சத்துக்கு அழுத்திய பொத்தான்

என் மனைவி முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவர். பரீட்சை மண்டபத்தில் அவர் நின்றால் ஒரு பிள்ளையும் பக்கத்து மேசைப் பக்கம் கழுத்தைத் திருப்பாது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். சனத்தின் வாயிலிருந்து பொறுக்கியதுதான் என் படிப்பு. அப்படிப்பட்ட டீச்சர் போன வருடம் கள்ளம் செய்து பிடிபட்டார். பிடித்தது ஒரு மெஷின்.

கோப்பாயில் எங்கள் தேவாலய மண்டபத்தில் இலவசமாகக் கண் பரிசோதித்தார்கள். நான்தான் அவரை இழுத்துக்கொண்டு போனேன். இரண்டு மாதத்துக்குள் மூன்று தரம் சைக்கிளை எங்கள் வாசல் கேற்றின் இடது பக்கத்துத் தூணில் உரசியிருந்தார். கேட்டால், "தூண்தான் வெளியால தள்ளி நிக்குது" என்பார்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் சண்டிலிப்பாய்ப் புகையிலைத் தோட்டக்காரர் ஒருவர். விபரம் பதிகிற பெண்பிள்ளை, வயது நாற்பது தாண்டியதா, சீனி வருத்தம் இருக்கிறதா, கண்ணில் ஏதும் தெரியாமல் இருக்கிறதா என்றெல்லாம் கேட்டாள்.

"தெரியிறது தெரியுது பிள்ளை. தெரியாதது, தெரியேல்லை எண்டே தெரியாதே!" என்றார் அவர். வரிசை சிரித்தது. நான் அதை மனதில் முடிந்துவைத்துக்கொண்டேன்.

சொந்தத்தில் யாருக்கும் கண் பிரஷர் இருந்ததா என்றதற்கு என் மனைவி "ஒருத்தருக்கும் இல்லை" என்றார்.

"உம்மடை அம்மா கடைசியில சுவரைத் தடவித்தானே நடந்தவ?"

"அது வயசு."

அந்தப் பிள்ளை எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, 'ஓம்' என்ற இடத்தில் புள்ளடி போட்டாள்.

கண்ணுக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது என்றார்கள். குளுக்கோமாவாக இருக்கலாமாம். அது நோகாது. பார்வையை ஓரத்திலிருந்து களவெடுத்துக்கொண்டு வரும். போனது திரும்பாது, ஆனால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். எவ்வளவு போயிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் அளக்க வேண்டும்.

அங்கே ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பெரிய வெள்ளைக் கிண்ணம் போன்ற மெஷினுக்குள் முகத்தை வைத்து நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். எங்காவது சின்ன வெளிச்சம் மின்னினால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். மனைவி தந்தி அடிப்பதுபோல அழுத்தித் தள்ளினார். முடிந்ததும் தாதி தாளைப் பார்த்தாள்.

"டீச்சர், வெளிச்சம் வராத நேரமும் அமத்தியிருக்கிறீங்கள். உதை வைச்சு டொக்டர் ஒண்டும் சொல்லேலாது. ஐயா, தேத்தண்ணி வாங்கிக் குடுத்துக் கூட்டிக்கொண்டு வாங்கோ. திருப்பிப் பாப்பம்."

தேத்தண்ணிக் கடையில், "ஏன் அப்பிடிச் செய்தனீர்?" என்று கேட்டேன்.

கோப்பையைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். "இஞ்சேருங்கோ, இடது பக்கம் கனநேரம் ஒண்டும் வரேல்லை. வெறும் பேப்பரோட இருக்கிற பிள்ளை மாதிரிப் போச்சு. பயந்திட்டன்."

வழக்கமாக எனக்கு நாலு பழமொழியாவது வாய்க்கு வரும். அன்று வந்தது இது ஒன்றுதான்.

"கள்ள மாக்ஸ் எடுத்தா, மருந்தும் அந்தக் கள்ள மாக்ஸுக்குத்தான் தருவினம்" என்றேன்.

"எட்டாம் வகுப்பு எனக்குப் படிப்பிக்குது" என்றார். ஆனால் எழுந்துவிட்டார்.

இரண்டாம் தரம் மெல்ல அழுத்தினார். ஓர் அழுத்தலுக்கும் அடுத்ததற்கும் இடையில் சத்தமே இல்லாத நேரங்கள் வந்தன.  இடது கண்ணில் ஓரம் கொஞ்சம் போயிருந்தது. வலது கண் முழுசாக இருந்தது. "நல்ல வேளைக்கு வந்திட்டீங்கள்" என்றார் டொக்டர்.

ஒவ்வொரு நாளும் துளிமருந்து விடுகிறோம். அண்மையில் திரும்ப அளந்தபோது ஒரு பொட்டும் கூடுதலாகப் போகவில்லை. முதல் தரம் அளந்த அன்று வீட்டுக்கு வந்ததும் அவர் செய்த முதல் வேலை, நெல்லியடியில் இருக்கும் தங்கைக்கு ஃபோன் எடுத்தது.

"அம்மாவுக்கு இருந்தது வயசில்லையடி. எனக்கும் இருக்கு. நாளைக்கே போய்க் காட்டு."

தங்கை ஏதோ கேட்டிருக்க வேண்டும். மனைவி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"எத்தினை மாக்ஸ் எடுக்கவேணுமோ? உன்ரை விசர்! தெரிஞ்சா மட்டும் அமத்து. தெரியாட்டிச் சும்மா இரு."