கூட்டேரிப்பட்டில் ஒரு சைனீஸ் டியூஷன்

விழுப்புரத்துல எதுக்குத்தான் டியூஷன் இல்ல, சொல்லுங்க. கணக்குக்கு ஒரு தெருவே இருக்கு. பரதநாட்டியம், அபாகஸ், ஏன், கோணக் கையெழுத்தைத் திருத்தறதுக்குக்கூட ஒருத்தர் போர்டு மாட்டியிருக்காரு. ஆனா "சைனீஸ் சொல்லித்தர ஆள் இருக்காங்களா"ன்னு கேட்டா மட்டும் எல்லாரும் என்னை மேலயும் கீழயும் பார்த்தாங்க. ஒரு டியூஷன் சென்டர்க்காரர், "ஃபிரைட் ரைஸ் கத்துக்கணும்னா பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு தம்பி இருக்காரும்மா"ன்னு சொல்லிட்டு அவரே சிரிச்சுக்கினாரு. எனக்கு வந்த ஆத்திரத்துல அவரு மேஜையைக் கவுத்துட்டு வந்திருப்பேன். மக பக்கத்துல நின்னா, அதனால வாயை மூடிக்கினு படி இறங்கினேன்.

இவளுக்கு சைனீஸ் எப்படின்னா, என் வீட்டுக்காரர் வேலையால நாங்க பல வருஷம் சிங்கப்பூர்ல இருந்தோம். பள்ளிக்கூடத்துல மத்த தமிழ்ப் பிள்ளைங்க தமிழ் எடுத்தப்ப, "தமிழைத்தான் வீட்டுல பேசறோமே"ன்னு இவளைச் சைனீஸ்ல போட்டவரு அவருதான். அப்புறம் வேலை போச்சு. மூட்டை கட்டிக்கினு சொந்த ஊருக்கே வந்துட்டோம். இப்ப இவ ப்ளஸ் டூ. மனசு பூரா ஒரே ஒரு ஆசைதான்: சைனாவுல கப்பல் கட்டற படிப்பு. ஃபீஸ் இல்லாத சீட்டு கிடைக்கணும்னா, பள்ளிக்கூட அளவுல இருக்கறதுலயே பெரிய சைனீஸ் பரீட்சையைச் சென்னைக்குப் போய் எழுதி நல்ல மார்க் வாங்கணும். சொந்தச் செலவுல அனுப்ப எங்களுக்கு வக்கு இல்ல. அந்தப் பரீட்சை போச்சுன்னா அந்தப் படிப்பும் போச்சு.

எழுதறது, படிக்கறது எல்லாம் சமாளிச்சுடுவா. பேசறதுதான் எமன். அந்தப் பரீட்சையில எதிர்ல மனுஷங்க கிடையாது. காதுல ஹெட்போனை மாட்டிக்கினா, முன்னமே பதிவு பண்ணி வெச்ச ஒரு குரல் கேள்வி கேக்கும். கேட்டுட்டு நிறுத்தும். இருபது விநாடி. அதுக்குள்ள பதில் சொல்லணும். சொன்னாலும் சரி, ஊமையா உட்கார்ந்திருந்தாலும் சரி, நம்ம பதிலைக் கேட்டு சந்தோஷப்பட்ட மாதிரி "ஓ, அப்படியா"ன்னு அடுத்த கேள்விக்குப் போயிடும். என் மக அந்த இருபது விநாடியில கல்லாயிடுவா. ஆன்லைன்ல ரெண்டு டீச்சர் வெச்சுப் பார்த்தோம். ஸ்கிரீனைப் பார்த்தாலும் அதே கதைதான்.

"அந்த நிறுத்தத்துல யாருமே இல்லம்மா. இல்லாதவங்களுக்கு எப்படிப் பதில் சொல்றது?"ன்னா.

"பேசறதுக்கு என்னாடி உனக்கு இவ்ளோ பேஜாரு?"ன்னு கத்தினேன். கத்தினா மட்டும் வந்துடுமா? பக்கத்துல உட்கார்ந்து பேசற ஆள் வேணும்னு அன்னைக்கு முடிவு பண்ணேன்.

திண்டிவனத்துல ஒரு கிளினிக்குக்கு இருமலுக்காகப் போயிருந்தேன். அங்க ஊசி போடற நர்ஸம்மாகிட்ட வழக்கம்போல புலம்பினேன். "சைனாவுல டாக்டருக்குப் படிச்ச பொண்ணு ஒண்ணு கூட்டேரிப்பட்டுல இருக்குதுங்க. கொஞ்ச நாள் இங்க உதவிக்கு வந்துக்கினு இருந்துச்சு. தங்கமான பொண்ணு"ன்னாங்க. அப்புறம் பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிட்டு, "என்னா, பேசினா பதில் வர்றதுக்குக் கொஞ்சம் லேட்டாவும்"ன்னாங்க.

ஹைவேயிலேர்ந்து உள்ள திரும்பி, மல்லாட்டை, அதான் வேர்க்கடலை போட்ட கொல்லையை ஒட்டி இருந்துச்சு வீடு. வாசல் நிலைக்கு மேல சிலுவை. அம்மாவும் பொண்ணும் மட்டும்தான். அந்தம்மா களை எடுக்கப் போயி, ஊரெல்லாம் கைமாத்து வாங்கி, பொண்ணைச் சைனாவுக்கு அனுப்பினவங்க. படிப்பு முடிச்சுட்டு வந்த பொண்ணு, இங்க டாக்டர் வேலை பார்க்கறதுக்குன்னு இருக்கற பரீட்சைக்குப் படிச்சுக்கினு இருந்தா. நர்ஸம்மா சொன்னது பொய்யில்ல. எது கேட்டாலும், கேட்டுட்டு, ஒரு தடவை வாசப்பக்கம் பார்த்துட்டுத்தான் பதில் சொன்னா. ஆனா என் மககூட சைனீஸ்ல பேச ஆரம்பிச்சதும் அந்த லேட் எங்க போச்சோ தெரியல. ரெண்டும் படபடன்னு பொரிஞ்சு தள்ளுச்சுங்க. எனக்கு வயித்துல பாலை வார்த்த மாதிரி இருந்துச்சு.

"ஃபீஸெல்லாம் வேணாம் ஆண்ட்டி. சாயங்காலம் வாங்க. அம்மா ஜெபம் முடிக்கற வரைக்கும் இருந்துட்டுப் போங்க. அது போதும்"ன்னா.

அன்னைக்கே இருந்தோம். ஜெபமாலை எனக்குப் புதுசு இல்ல. நான் படிச்ச பள்ளிக்கூடத்துல சிஸ்டருங்க சொல்லிக் கேட்டிருக்கேன். ஒருத்தர் முதல் பாதியைச் சொல்லுவாங்க, கூட இருக்கறவங்க மறுபாதியைச் சொல்லி முடிப்பாங்க. இங்க அந்தம்மா முதல் பாதியைச் சொன்னாங்க. மறுபாதி வரல. அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் கண்ணை மூடிக்கினு இருந்தாங்க. ஹைவேயில லாரி போற சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்புறம், பதில் காதுல விழுந்துட்ட மாதிரி, ஒரு மணியை நகர்த்திட்டு அடுத்ததை ஆரம்பிச்சாங்க. பொண்ணு பக்கத்துலயேதான் முட்டி போட்டிருந்தா. உதட்டைத் தைச்சு வெச்ச மாதிரி இறுக்கிக்கினு இருந்தா. என் மகளைப் பார்த்தேன். அவ அந்தம்மா முகத்தையே பார்த்துக்கினு இருந்தா.

தினமும் இதேதான். ஒரு நாள் உள்ள க்ளாஸ் நடந்துக்கினு இருக்கறப்ப, நானும் அந்தம்மாவும் பின்கட்டுல உட்கார்ந்து மல்லாட்டை உரிச்சுக்கினு இருந்தோம். அந்தம்மா, கேஸ் தீர்ந்துபோச்சுன்னு சொல்ற மாதிரி சாதாரணமா சொன்னாங்க: "உள்ள இருக்கறது என் பொண்ணு இல்லம்மா."

"என்னக்கா சொல்றீங்க?"

"அந்த நோய் வந்தப்போ அங்க ரூமுக்குள்ளயே மாசக்கணக்கா அடைச்சு வெச்சிருந்தாங்கல்ல. தினம் போன்லயே ஜெபம் சொல்லுவோம். நான் சொல்லுவேன், அவ பதில் சொல்லுவா. ஒரு நாள் முடிச்சுட்டுக் கண்ணைத் தொறந்து பார்க்கறேன், லைனு எப்பவோ கட்டாயிக் கெடக்குது. ஆனா கடைசி வரைக்கும் அவ குரல் வந்துச்சும்மா. இந்தக் காதால கேட்டேன். இப்ப வீட்டுக்கு வந்தவ ஒரு வார்த்தை பதில் சொல்ல மாட்டேங்கறா. அப்போ பதில் சொன்னாளே, அவ எங்க இருக்கா?"

பாவம், ஒண்டியா இருந்து இருந்து புத்தி பிசகிடுச்சுன்னுதான் நினைச்சேன். அன்னைக்கு பஸ் ஏத்திவிட ரோடு வரைக்கும் பொண்ணு வந்தா. என் மக கடையில பிஸ்கட் வாங்கப் போன நேரம் பார்த்து நேராவே கேட்டேன்.

"ஏம்மா, பெத்தவ ஏங்கிக்கினு கெடக்கறாங்க. ஒரு பாதி ஜெபம் பதிலுக்குச் சொன்னா என்னா, கொறஞ்சா போயிடுவ?"

அவ ரோட்டைப் பார்த்தா. ரெண்டு லாரி போச்சு.

"ஒரு நாள் பாதி ஜெபத்துலயே என் போன்ல சார்ஜ் தீர்ந்துபோச்சு ஆண்ட்டி. கண்ணை மூடிக்கினு இருந்ததால எனக்குத் தெரியல. அம்மா குரல் நிக்கவே இல்ல. நானும் பதில் சொல்லிக்கினே இருந்தேன். முடிச்சுட்டுத்தான் போனைப் பார்த்தேன்." குரல் ரொம்பச் சின்னதாயிடுச்சு. "நான் யாருக்குப் பதில் சொன்னேன்? அன்னையிலேர்ந்து வாய் வரல ஆண்ட்டி. பதில் சொன்னா அந்தக் குரல் மறுபடியும் கேக்கும்."

பஸ் வந்துடுச்சு. "ஜல்தி ஏறும்மா"ன்னு கண்டக்டர் கத்தினாரு. விழுப்புரம் வர்ற வரைக்கும் நான் ஜன்னல் பக்கமே திரும்பல. ஆளுக்கு ஒரு பாதியை வெச்சுக்கினு, தாயும் மகளும் ஒரே வீட்டுல இருக்கறாங்க. ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கல. நானும் போய்ச் சொல்லல. என்னான்னு சொல்லுவேன்? அன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் பேசிக்கவே இல்ல, நடுவுல வேற எதுவோதான் பேசுச்சுன்னா?

வீட்டுக்காரர் கேட்டுட்டு, "நாளையிலேர்ந்து போவாதீங்க"ன்னாரு. மக கேக்கல. பரீட்சை நெருங்கிடுச்சு. ஆனா வீட்டுல ஹெட்போனை மாட்டிப் பழகறப்ப இன்னமும் அந்த இருபது விநாடியில கல்லுதான். எனக்கும் வேற வழி தெரியல.

அப்புறம் ஒரு நாள் துணி மடிச்சுக்கினு இருக்கறப்ப, ரூம்ல அவ ஏதோ முணுமுணுக்கறது காதுல விழுந்துச்சு. சைனீஸ்னு நினைச்சுக் கிட்டப் போனேன். தமிழ். ஜெபத்தோட மறுபாதி.

"யாருடி சொல்லித் தந்தா?"

"அக்காதான். பேசிப் பழகறதுக்கு."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! நம்ம பிள்ளைக்குச் சைனீஸ் சொல்லித் தருவான்னு பார்த்தா, தான் சொல்ல பயப்படறதை இவ வாயில ஏத்தி வெச்சிருக்கா. நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுடணும்னுதான் மறுநாள் போனேன். நாங்க போறப்பவே அந்தம்மா ஆரம்பிச்சுட்டாங்க. முதல் பாதி முடிஞ்சுது. நிறுத்தம்.

என் மக பதில் சொன்னா.

திக்கல, திணறல. மணி மாதிரி சொன்னா. அந்தம்மா கையில ஜெபமாலை அப்படியே நின்னுடுச்சு. கண்ணைத் தொறக்கல, மூடின கண்ணுலேர்ந்து தண்ணி மட்டும் வழிஞ்சுது. அடுத்ததைச் சொன்னாங்க. இவ அதுக்கும் சொன்னா. கடைசி வரைக்கும் சொன்னா. அந்தப் பொண்ணு சுவத்துல சாஞ்சு, உதடு தளர்ந்து, அங்கேயே தூங்கிப் போயிட்டா. எத்தனை நாள் தூக்கமோ.

முடிஞ்சதும் அந்தம்மா என் மக முகத்தை ரெண்டு கையாலயும் ஏந்தினாங்க. "வந்துட்டியாடி? இத்தனை நாளா எங்கடி போன?"

"இங்கதாம்மா இருக்கேன்"ன்னா என் மக.

அம்மாவாம்! அது வரைக்கும் அவங்களைப் பெரியம்மான்னுதான் கூப்பிட்டுக்கினு இருந்தா. அவ கையைப் பிடிச்சு இழுத்துக்கினு ரோட்டுக்கு வந்து, வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவ அழல. "அந்த நிறுத்தத்துல யாருமே இல்லன்னு நினைச்சுக்கினு இருந்தேம்மா. இருக்காங்க"ன்னா.

"யாருடி?"

அவ வர்ற பஸ்ஸுக்குக் கையைக் காட்டினா.

பரீட்சையில வெளுத்து வாங்கிட்டா. சீட்டும் கிடைச்சுது. ஏர்போர்ட்ல நான் அழுத அழுகையைப் பார்த்து ஒரு போலீஸ்காரம்மா தண்ணி பாட்டில் கொடுத்தாங்க. கூட்டேரிப்பட்டுப் பொண்ணும் பரீட்சை பாஸ் பண்ணி வெளியூர் ஆஸ்பத்திரியில வேலைக்குச் சேர்ந்துட்டா. இப்ப என் மக சாயங்காலம் முதல்ல அந்தம்மாவுக்குப் போன் போட்டு மறுபாதியைச் சொல்லிட்டு, அப்புறம்தான் எனக்குப் போன் போடறா. எனக்கு ரெண்டாவது இடம். அது இருக்கட்டும். நான் எனக்குன்னு ஒரு கட்டுப்பாடு வெச்சுக்கினேன்: பேசறப்ப கண்ணை மூடக் கூடாது. ஸ்கிரீனைப் பார்த்துக்கினே பேசணும். அது அணைஞ்சா அந்த நிமிஷமே வாயை மூடிக்கணும்.

போன வாரம் அடுப்பங்கரையில அவரைக்காய் நறுக்கிக்கினு இருந்தேன். போனை அரிசி டின்னு மேல சாய்ச்சு வெச்சு ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன். அட்டையில கப்பல் செஞ்ச கதையைச் சொல்லிக்கினு இருந்தா. குக்கர் விசில் அடிச்சுது. "இருடி, இறக்கி வெச்சுட்டு வர்றேன்"ன்னுட்டுத் திரும்பினேன். இறக்கி வெச்சுட்டு வந்து பார்க்கறேன், ஸ்கிரீன் கறுப்பு. பட்டனை அழுத்தினேன். உசுரு இல்ல. மத்தியானம் பூரா கரண்ட் இல்ல, சார்ஜே ஏறியிருக்கல.

"அம்மா? என்னம்மா, சத்தத்தையே காணோம்?"

என் மக குரல். அந்தப் போன்லேர்ந்துதான்.

கட்டுப்பாடு ஞாபகம் இருந்துச்சு. பல்லைக் கடிச்சுக்கினு நின்னேன். அங்க தூர தேசத்துல ஒரு ரூம்ல, கட்டான போனைக் காதுல வெச்சுக்கினு நிஜமாவே அவதான் கேக்கறாளோ என்னவோ. பதில் வரலன்னா, பெத்தவ எங்க போனான்னு அவ நினைச்சுட மாட்டாளா?

"அம்மா?"

"இருக்கேன்டி, சொல்லு"ன்னேன்.