கதவு மாஸ்டர் தலையாட்டிய திங்கட்கிழமை

அந்த முடிதிருத்தும் கடையில் இரண்டே நாற்காலிகள். கதவோரத்து நாற்காலியில் வெட்டுகிறவர் கதவு மாஸ்டர். ஜன்னலோரத்து நாற்காலியில் வெட்டுகிறவர் ஜன்னல் மாஸ்டர். இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிய கடை. முப்பத்தொரு வருடமாக ஒரே கண்ணாடியைப் பார்த்து நின்றவர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் நேரில் பார்த்ததைவிடக் கண்ணாடியில் பார்த்ததுதான் அதிகம்.

கதவு மாஸ்டருக்கு ஒரு பழக்கம். பழக்கம் என்ன பழக்கம், பைத்தியம் என்றே சொல்லிவிடலாம். எந்தப் பொருளைக் கண்டாலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டாக வேண்டும். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் கத்தரித் திருகுக்கு ஒரு சொட்டு, முடிவெட்டும் மிஷினின் பல்லுக்கு ஒரு சொட்டு, நாற்காலியை உயர்த்தும் மிதிக்கு ஒரு சொட்டு. வெட்டிக்கொண்ட ஆள் சைக்கிளில் வந்தவராக இருந்தால் வழியனுப்பும்போது அந்தச் செயினுக்கும் ஒன்று. வீட்டில் அலமாரி, கேட், தையல் மிஷின் என்று ஒன்றையும் விட்டுவைத்ததில்லை. “இந்த வீட்டுல எண்ணெய் படாத ஒரே மிஷின் நான்தான்” என்பார் அவர் மனைவி.

இன்னொரு திறமையும் அவருக்கு உண்டு. தலையாட்டுவது. முடிவெட்ட உட்காருகிறவன் வாயை மூடிக்கொண்டா உட்காருகிறான்? விலைவாசியைத் திட்டுவான், மருமகனைத் திட்டுவான், மூட்டுவலியை வர்ணிப்பான். வெட்டுகிறவர் தலையாட்ட வேண்டும், அவ்வளவுதான். விலைவாசிக்கு ஒரு ஆட்டு. மருமகனுக்கு இரண்டு ஆட்டு. மூட்டுவலிக்கு ‘த்ச்’ என்று ஒரு நாக்கொட்டலும் சேர்த்து. வருடக்கணக்காக மிஷின் சத்தத்திலும் டிரையர் சத்தத்திலும் நின்று கதவு மாஸ்டரின் காது மெல்ல மெல்ல மந்தமானபோது, இந்தத் திறமைதான் அவரைக் காப்பாற்றியது. கண்ணாடியில் வாயசைவைப் பார்த்துப் பாதியைப் புரிந்துகொள்வார். மீதிக்குத் தலையாட்டுவார். நாலு வருடம் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. பக்கத்திலேயே நின்ற ஜன்னல் மாஸ்டர்கூடக் கண்டுபிடிக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மனைவிக்கு மட்டும் தெரியும். டி.வி. சத்தம் நாலாவது வீடு வரை போனால் தெரியாமலா இருக்கும்? காதைக் காட்டச் சொல்லி அவர் கெஞ்சியும் பார்த்தார், சண்டையும் போட்டுப் பார்த்தார். மாஸ்டர் அசையவில்லை. “கேக்கற அளவுக்குக் கேக்குது, போ” என்று முடித்துவிடுவார்.

ஏழு மாதத்துக்கு முன்னால் ஜன்னல் மாஸ்டருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது, வலது கால் விழுந்தது, வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. நாலு மாதம் பேச்சே இல்லை. பிறகு ஒருநாள் அவர் மகள் போன் செய்து, அப்பாவுக்குப் பேச்சு திரும்புகிறது, ஆனால் குரல் நூல் மாதிரி மெலிசாக இருக்கிறது என்றாள். அன்று மாஸ்டரின் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“அண்ணன் பேச ஆரம்பிச்சுட்டாராம். நீங்க போய் உக்காந்து என்னத்தக் கேக்கப் போறீங்க?”

மறுநாளே மாஸ்டர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அப்படி வந்தவைதான் அந்த இரண்டு காது மிஷின்கள். பேட்டரி மாற்றுகிற பழைய ரகம் இல்லை, சார்ஜ் ஏற்றுகிற ரகம். உள்ளங்கை அளவுப் பெட்டியில் இரண்டு குழி. ராத்திரி மிஷின்களைக் குழியில் வைத்து மூடினால் காலைக்குள் பச்சை விளக்கு நின்று எரியும். முதல் நாள் கடைக்குள் நுழைந்தவர், “அட, நம்ம ஃபேன் இப்படியா கத்துது?” என்று ஆச்சரியப்பட்டு, ஸ்டூல் போட்டு ஏறி அதற்கும் எண்ணெய் விட்டார்.

திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. அன்று சவரக்கத்தியும் பிரஷும் எடுத்துக்கொண்டு ஜன்னல் மாஸ்டர் வீட்டுக்குப் போய் அவருக்குச் சவரம் செய்துவிட்டு வருவார். “சூடு” என்பார் ஜன்னல் மாஸ்டர். “மெதுவாடா” என்பார். கடைசியில் “போதும்” என்பார். மூன்று வார்த்தைதான், ஆனால் மூன்றும் காதில் விழும். அந்த மூன்று வார்த்தையைக் கேட்டுவிட்டு வருகிற சந்தோஷத்தில் மாஸ்டர் பஸ்கூட ஏறாமல் நடந்தே வீட்டுக்கு வருவார்.

இரண்டு மாதம் இப்படி ஓடியது. மூன்றாவது மாதம் மிஷின்கள் மக்கர் செய்யத் தொடங்கின. முதலில் சாயங்காலம் ஆனதும் காதுக்குள் ‘டிங் டிங்’ என்று இறங்குகிற சத்தம் கேட்டு அணைந்தன. பிறகு மத்தியானத்திலேயே. பிறகு காலை பத்து மணிக்கே. மாஸ்டர் யாரிடமும் மூச்சு விடவில்லை. சிபாரிசு செய்து வாங்க வைத்த மனைவியிடம் சொன்னால் தனக்குத்தான் திட்டு விழும் என்று ஒரு பயம். பழைய தலையாட்டலுக்குத் திரும்பிவிட்டார்.

அந்தத் திங்கட்கிழமை, ஜன்னல் மாஸ்டர் வீட்டு மாடிப்படி ஏறும்போதே இரண்டு மிஷினும் செத்துப்போயின. சரி, மூன்று வார்த்தைதானே, தெரியாதா என்று மாஸ்டர் உள்ளே போய்ச் சவரத்தை முடித்தார். முகம் துடைத்துவிட்டுக் கிளம்பப் போனபோது ஜன்னல் மாஸ்டர் இடது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வாய் அசைந்தது. ஒரு வார்த்தை இல்லை, நீளமாக ஏதோ. கோணல் வாயில் உதடு போன போக்கில் ஒரு எழுத்தும் பிடிபடவில்லை. கேள்வி மாதிரி இருந்தது, கண் அப்படி இருந்தது.

கேட்கவில்லை என்று சொல்ல வேண்டியதுதானே? சொல்லவில்லை மனுஷன். நாலு வருடப் பழக்கம் கழுத்தைப் பிடித்துத் தள்ள, முகமெல்லாம் சிரிப்பாகத் தலையை ஆட்டினார். “ஆமாடா, ஆமா!” என்று வேறு சொல்லித் தொலைத்தார்.

ஜன்னல் மாஸ்டர் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். மணிக்கட்டை விட்டார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வாசலில் மகள் ஓடிவந்தாள். அவள் வாயசைவு மாஸ்டருக்கு நன்றாகப் புரியும்.

“பெரியப்பா, அப்பா என்ன கேட்டாரு? உங்ககிட்ட கேக்கணும்னு ஒரு வாரமா தனியா சொல்லிச் சொல்லிப் பழகிட்டிருந்தாரு. நான் கிட்ட போனா நிறுத்திடுவாரு.”

“ஒண்ணுமில்லம்மா. சும்மா ஏதோ” என்று சொல்லிவிட்டு மாஸ்டர் படியிறங்கினார். அன்று நடக்கவில்லை, பஸ்ஸில் ஏறினார்.

புதன்கிழமை சாயங்காலம் மகள் மாஸ்டரின் மனைவிக்குப் போன் செய்தாள். “பெரியம்மா, திங்கக்கிழமைலேருந்து அப்பா சாப்பாட்டைத் தொடவே மாட்டேங்கறாரு. ரெண்டு வாய் கஞ்சி போனா பெரிசு. உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வர்றவங்களையும் திருப்பி அனுப்பிட்டாரு. பெரியப்பா என்னதான் சொன்னாருன்னு கொஞ்சம் கேளுங்களேன்.”

மனைவி வந்து மாஸ்டரின் முகத்துக்கு நேரே நின்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். மாஸ்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. நடந்ததைச் சொன்னார்.

“கேக்கலைன்னு சொல்றதுக்கு வாய் வலிக்குதா உங்களுக்கு?” என்று மனைவி வெடித்தார். “அவர் என்ன கேட்டாரோ, நீங்க எதுக்கு ஆமான்னீங்களோ! ‘செத்துப்போயிடவா’ன்னு கேட்டிருந்தா?”

அந்தக் கேள்வி மாஸ்டருக்கு ஏற்கெனவே வந்திருந்தது. இரண்டு நாளாக அதைத்தான் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். எழுதிக் காட்டச் சொல்லலாம் என்றால் ஜன்னல் மாஸ்டருக்கு எழுதுகிற கை விழுந்துவிட்டது. மகளைக் கேட்டுச் சொல்லச் சொல்லலாம் என்றால் அவளிடம் அவர் வாயே திறக்கப் போவதில்லை.

“நானேதான் போய்க் கேக்கணும். அவன் சொன்னா என் காதுல விழணும்” என்றார் மாஸ்டர்.

உடனே இருவரும் சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்து வைத்தியத்தில் இறங்கினார்கள். பிளக்கில் கரண்ட் வருகிறதா என்று அதே இடத்தில் போனைச் சொருகிப் பார்த்தார்கள். வந்தது. வயரை மாற்றினார்கள். காதுக்குள் போகிற முனையில் அழுக்கு அடைத்திருக்குமோ என்று அந்தக் குட்டி வடிகட்டியைக் கழற்றிப் புதிதாகப் போட்டார்கள். மிஷினின் பொத்தானைப் பதினைந்து விநாடி அமுக்கி, அணைத்து, மறுபடி உயிர் கொடுத்தார்கள். எல்லாம் செய்தும் பெட்டியில் பச்சை விளக்கு கண் சிமிட்டி ஆரஞ்சாகி அணைந்தது. மூடியை விரலால் அழுத்தினால் எரிந்தது, விரலை எடுத்தால் போனது. மனைவி ஒரு ரப்பர் பேண்டை எடுத்துப் பெட்டியை இறுக்கிக் கட்டினார். காலையில் இடது மிஷின் முக்கால் நிறைந்திருந்தது, வலது பாதிகூட இல்லை.

“இது நம்ம கைக்கு அடங்காது. கிளம்புங்க” என்றார் மனைவி.

வியாழக்கிழமை காலை, வரலாறு காணாத அதிசயமாக, கடை திறக்கவில்லை. மாஸ்டரும் மனைவியும் மிஷின் வாங்கிய இடத்துக்குப் போனார்கள். அங்கே கண்ணாடி போட்ட ஒரு அம்மா, விறுவிறுவென்று வேலை பார்ப்பவர், பெட்டியைத் திறந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பஞ்சு சுற்றிய குச்சியால் குழிக்குள் இருந்த உலோகப் புள்ளிகளைத் துடைத்தார். பஞ்சு மை மாதிரி கறுத்தது. மூக்குக்கு அருகில் கொண்டுபோய் மோந்தார். பிறகு மாஸ்டரை நேராகப் பார்த்து, நிதானமாகக் கேட்டார்.

“சார், இதுல எண்ணெய் எப்படி வந்துச்சு?”

“நான்தாம்மா போட்டேன்” என்றார் மாஸ்டர் பெருமையாக. “நல்ல மிஷின் எண்ணெய். தினம் ராத்திரி ஒரே ஒரு சொட்டு. சார்ஜ் ஏற மாட்டேங்குதுன்னு இப்ப ரெண்டு சொட்டாக்கிட்டேன்.”

அந்த அம்மா குச்சியைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். மேஜையில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். மாஸ்டரின் மனைவி சிரிக்கவில்லை. நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“சார், இதுல சுத்தறது, உரசறது எதுவுமே கிடையாது. இந்தப் புள்ளியும் மிஷின்ல இருக்கற புள்ளியும் தொட்டாத்தான் கரண்ட் ஏறும். நடுவுல எண்ணெய், அதுல கடைப் பவுடர், அதுல பொடிமுடி. மொத்தமும் களிம்பாகி நிக்குது. எப்படி ஏறும்?”

“அப்ப இதுக்கு நான் என்னதான் செய்யணும்?”

“ஒண்ணும் செய்யாதீங்க. ராத்திரி காஞ்ச துணியால தொடச்சு வைங்க. கடையில பவுடர், ஸ்ப்ரே அடிக்கறப்ப கழட்டிப் பெட்டிக்குள்ள வெச்சிடுங்க. வேற எதுவும், தயவுசெஞ்சு, செய்யாதீங்க.”

ஒரு மிஷினைச் சும்மா விடச் சொல்லி யாரும் அவரிடம் கேட்டதில்லை. பாவம், எவ்வளவு ஆசையாக அந்தச் சொட்டை விட்டிருப்பார்! அந்த அம்மா எல்லாவற்றையும் சுத்தம் செய்து அங்கேயே சார்ஜில் போட்டார். மூன்று மணி நேரம் மாஸ்டர் பெஞ்சில் உட்கார்ந்து பச்சை விளக்கு சிமிட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அது சிமிட்டுவதை நிறுத்தி நின்று எரிந்ததும், இரண்டையும் காதில் மாட்டிக்கொண்டு, நேரே ஜன்னல் மாஸ்டர் வீட்டுக்குப் போனார்.

ஜன்னல் மாஸ்டர் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தார். தலைமாட்டில் தட்டு மூடியபடி இருந்தது. மாஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“டேய், இந்தப் பக்கம் திரும்பு.”

முதுகு அசையவில்லை.

“திங்கக்கிழமை நீ கேட்டது எனக்குக் கேக்கலடா. காதுல மிஷின் செத்துப்போயிருந்துச்சு. என்னன்னே தெரியாமத்தான் தலையாட்டினேன். தப்புதான். இப்ப கேக்குது. இன்னொரு தடவ கேளு.”

தெருவில் ஒரு வண்டி போனது, அது மாஸ்டருக்குக் கேட்டது. பிறகு ஜன்னல் மாஸ்டர் இடது கையை ஊன்றி மெல்லத் திரும்பினார். ஒவ்வொரு வார்த்தையையும் தேடி எடுத்துச் சொன்னார்.

“நான்... இல்லாமலே... கடை... நல்லா நடக்குதான்னு... கேட்டேன்.”

இதற்கா பல்லைக் காட்டிக்கொண்டு ‘ஆமாடா, ஆமா’ என்றோம்? படுத்துக்கிடக்கிறவன் மூன்று நாளாக அந்தச் சிரிப்பை அல்லவா நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறான்!

“நல்லா நடக்குதா?” என்று கத்தினார் மாஸ்டர். “நாசமாப் போகுதுடா! உன் ஆளுங்க கதவைத் திறந்து எட்டிப் பாக்கறாங்க, ஜன்னல் மாஸ்டர் எப்ப வருவாருன்னு கேக்கறாங்க, அப்படியே திரும்பிப் போயிடறாங்க. அந்தக் கணக்கு வாத்தியார் சாமியார் மாதிரி முடி வளத்துக்கிட்டுத் திரியறாரு, உன் கைதான் வேணுமாம். உன் நாற்காலில ஒருத்தனையும் உக்கார விடல நான். தினம் அந்தக் கண்ணாடியில பக்கத்துல நீ இல்லாம என் மூஞ்சியை மட்டும் எத்தனை நேரம்டா பாத்துட்டிருப்பேன்?”

அதற்கு மேல் வரவில்லை. மாஸ்டர் அழுதார். மறைக்கக்கூட இல்லை, தோள்துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.

ஜன்னல் மாஸ்டர் அவர் அழுது முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்பலேருந்து... கேக்கல?”

“நாலு வருஷமா.”

“நாலு... வருஷமா? அப்ப... நான் பேசினதெல்லாம்?”

“பாதி கண்ணாடியில பாத்துப் புரிஞ்சுக்கிட்டேன். மீதிக்குத் தலையாட்டினேன்.”

“படுபாவி” என்றார் ஜன்னல் மாஸ்டர். ஏழு மாதத்தில் அவர் வாயிலிருந்து இவ்வளவு தெளிவாக ஒரு வார்த்தை வந்ததில்லை. வாசலில் நின்ற மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“திட்டு, நல்லா திட்டு. எல்லாம் கேக்குது” என்று மாஸ்டர் ஸ்டூலைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டார். “விட்டுப்போனதையெல்லாம் மொதல்லேருந்து சொல்லு. எனக்கு அவசரமில்ல.”

ஜன்னல் மாஸ்டர் யோசித்தார். நாலு வருடத்துப் பேச்சு, சின்ன விஷயமா? பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

“பெரியப்பாவுக்கு... சாப்பாடு போடும்மா” என்றார். “எனக்கும்.”