பவுல் பாஸும் இறுகிய ஹேண்ட்பிரேக்கும்

செருப்பைக் கழற்றி, முனை வெளியே பார்க்க ஜோடியாக வைத்துவிட்டுத்தான் பவுல் பாஸ் வண்டிக்கு அடியில் போவார். கீழே சேறாக இருந்தாலும் சரி, சாணமாக இருந்தாலும் சரி. கோயிலுக்குப் போகிறவர்கள்கூட இவ்வளவு ஒழுங்காகக் கழற்றுவதில்லை. ஏன் என்று கேட்டால், "வெளிய வர்றப்ப செருப்பத் தேடிக்கிட்டு நிக்கக் கூடாதுங்க. டைவரு பிரேக்க விட்டுட்டான்னா ஓடணும்ல" என்பார். முப்பது வருடமாக எங்கள் வண்டிகளைப் பழுது பார்த்ததில் டிரைவர்மார் மேல் அவருக்கு வந்திருக்கும் நம்பிக்கை அவ்வளவு.

பாஸ் என்றால் எங்கள் பக்கத்தில் மெக்கானிக். வயது அறுபத்தொன்று. தெஹியோவிட்டவுக்குப் போகும் ரோட்டில், எங்கள் ரப்பர் தோட்டத்துச் சந்தியில், நாலு தகரமும் ஒரு பலாமரமும் சேர்ந்ததுதான் அவருடைய கராஜ். போர்டு கிடையாது. மரத்தில் தொங்கும் வழுக்கை டயர்தான் போர்டு. சாமான்கள் எல்லாம் ஒரு ரோஸ் நிறப் பள்ளிக்கூடப் பையில் கிடக்கும். மகள் சரோன் ஐந்தாம் வகுப்பில் சுமந்தது. சரோன் இப்போது கேகாலையில் டீச்சர். பையின் மேலே கிரீடம் வைத்துச் சிரிக்கும் பொம்மைப் பெண்ணுக்கு கிரீஸில் தாடி முளைத்துவிட்டது. "புதுப் பெட்டி வாங்கித் தர்றேங்கிறா. வேணாம்னுட்டேன். இத எவனும் களவெடுக்க மாட்டான். தூக்கிட்டுப் போக வெக்கப்படுவான்."

வண்டிக்கு என்ன கோளாறு என்று நாம் வாயைத் திறந்தால் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். "நீங்க பொய் சொல்லுவீங்க. அது சொல்லாது." பிறகு மூக்கால் பார்ப்பார். கிளட்ச் கருகியதா, கியர் ஒயில் கசிகிறதா என்று மோந்தே சொல்வார். ஒருமுறை தோட்டத்து லொறியை மோந்துவிட்டு, "கருவாடு ஏத்திக்கிட்டு வெளி ஹயர் எப்ப போனீங்க?" என்று கேட்டார். அந்த லொறி டிரைவர் அன்றிலிருந்து வேறு கராஜுக்குப் போகிறார்.

அந்த மூக்குக்கு வேலை வந்தது போன மாதம்.

எங்கள் தோட்டத்துக்குப் புதிதாக ஒரு சின்னத்தொரை, அதாவது உதவி மேனேஜர், வந்திருக்கிறார். நல்ல மனிதர். பாதுகாப்பு பற்றி அவருக்குத் தெரியாததே கிடையாது. ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகையான மடுவத்தின் சுவரில் மூன்று மொழியிலும் ஒரு தாள் ஒட்டினார். வண்டியில் போகிறவர்கள் சீட் பெல்ட் போட வேண்டும். சக்கரத்துக்குக் கல் வைக்கக் கூடாது. ஹேண்ட்பிரேக் இழுக்க வேண்டும். இடது பக்கக் கதவைக் கயிற்றால் கட்டி ஓட்டுகிற ஃபோர்வீல் ஜீப்புக்குப் புத்தம் புதிய பெல்ட் வந்தது. கதவு திறந்துகொண்டாலும் பெல்ட் இருக்கிறது என்ற தைரியம் வேண்டும் அல்லவா.

எங்கள் பக்கத்தில் ஹேண்ட்பிரேக் என்பது சின்னப் பிள்ளைகள் ஏறினால் பிடித்து விளையாடுகிற கம்பி. சரிவில் நிறுத்தினால் கல்தான். ஒன்பது வருடமாக அந்த ஜீப்பை ஓட்டும் நான் பின் சக்கரத்துக்கு வைத்து வந்த கருங்கல்லைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சுண்ணாம்பு அடித்து, மடுவத்து வாசலில் இருந்த பூப்பாத்திக்கு வரம்பாக நட்டார்கள். கல்லுக்கு வேலை உயர்வு. நானும் தாளை முழுக்கப் படித்தவன் மாதிரி தலையாட்டிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை ஜீப்பை மடுவத்துச் சரிவில் நிறுத்தி, கையெழுத்துக்கு மரியாதை செய்ய இரண்டு கையாலும் ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். முக்கிக்கொண்டு வந்தது. பத்தரைக்கு நாலு கேன் பாலை ஏற்றிவிட்டுக் கம்பியை இறக்கினேன். கம்பி இறங்கியது. பிரேக் இறங்கவில்லை. எஞ்சின் உறுமியது, ஜீப் நின்ற இடத்திலேயே நின்றது.

அந்த நாலு கேனும் பதினொரு பெண்கள் விடியற்காலையிலிருந்து மரம் வெட்டி, பட்டையைக் கீறி எடுத்த பால். பன்னிரண்டரைக்குள் கீழே ரப்பர் போடுகிற ஸ்டோரில் இறக்காவிட்டால் கேனுக்குள்ளேயே உறைந்துவிடும். உறைந்தால் ரப்பர் ஷீட் போட முடியாது, கழிவாகத்தான் போகும். கணக்கப்பிள்ளை மயில்வாகனம் தன் சட்டத்தை எடுத்துச் சொன்னார். "பாலாப் போனாத்தான் முழுப் பேரு, முழு நாள் சம்பளம். கட்டியாப் போனா எல்லாத்துக்கும் அரைப் பேரு. நான் எழுதின சட்டமில்லம்மா." பால் உறையாமல் இருக்க ஊற்றும் மருந்து அலுமாரியில் இருந்தது. அலுமாரிச் சாவி சின்னத்தொரையிடம். சின்னத்தொரை பாதுகாப்புக் கூட்டத்தில். டிராக்டர் சித்திரையிலிருந்து அவிசாவளை கராஜில் படுத்திருக்கிறது. த்ரீவீலர் இந்த ரோட்டில் ஏறாது.

பால் வெட்டுகிற சூசையம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "டைவரண்ணே, ஓடிப்போயி அந்தக் கையெழுத்த அழிச்சிட்டு வாங்க. வண்டி நகரும்."

துருதான் பிடித்திருக்கிறது என்று நான் முடிவு செய்தேன். ஒரு போத்தல் மண்ணெண்ணெய் ஊற்றினேன், சுத்தியலால் நாலு போட்டேன். பிறகு பவுல் பாஸுக்கு போன் போட்டேன்.

பத்து ஐம்பதுக்கு மோட்டார் சைக்கிளில் வந்தார். வந்ததும் வண்டியைப் பார்க்கவில்லை. பிளேன்டீ இருக்கிறதா என்று கேட்டார். டீ குடிக்காமல் அவர் எந்த வண்டியையும் தொட்டது கிடையாது. பதினொரு பெண்களும் முறைக்க, உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கி நக்கி, சூசையம்மாவின் பிளாஸ்கை ஆற அமரக் காலி செய்தார்.

"குடிச்சுத் தொலைங்க பவுலண்ணே, பாலு தயிராவுது."

"வெறும் வயித்தோட அடியில போனா வண்டிக்கு என்னையப் பத்தி மரியாத இருக்காது சூச." கோப்பையை நீட்டினார். "கல்லு எங்க?"

எல்லோரும் சுவரைப் பார்த்தோம். பாஸ் போய்த் தாளைப் படித்தார். நிஜமாகவே படித்தார், தமிழிலும் சிங்களத்திலும். பிறகு என்னிடம் வந்தார். "இந்த ஹேண்ட்பிரேக்கு சக்கரத்துல இல்லைங்க, எஞ்சின் பக்கமிருந்து பின் சக்கரத்துக்குப் போற சாஃப்ட்டுல இருக்கு. சாஃப்ட்டக் கழட்டினாத்தான் ட்ரம்மு வரும். கழட்டிட்டா இந்தச் சரிவுல வண்டியப் பிடிக்க ஒண்ணுமில்ல. நான் தெஹியோவிட்டவுக்கு மோட்டார் சைக்கிள்லயே போயிக்கிறேன், ஜீப்புக்கு அடியில தொங்கிக்கிட்டு வேணாம்." நேராகப் பூப்பாத்திக்குப் போய் வெள்ளைக் கல்லைப் பிடுங்கினார்.

"பாஸ், பாஸ்! அது சோடனைக் கல்லு!" என்று மயில்வாகனம் பதறினார்.

"எனக்குச் சோடன செய்யப் போறீங்கன்னா இப்பவே சொல்லுங்க. நல்லதா ஒரு சவப்பெட்டி பாப்போம்."

கல் பின் சக்கரத்துக்கு அடியில் போனது. செருப்பு ஜோடியாக நின்றது. பாஸ் உள்ளே போனார். முதலில் மோந்து பார்த்தார். பிறகு அடியிலிருந்து குரல் வந்தது.

"டைவரு, இதுல துரு இல்லைங்க."

"பின்ன?"

"ஒம்பது வருசமா நீங்க பிரேக்குக்குப் பாலூட்டி வளத்திருக்கீங்க."

ஜீப்பின் தரையில் இருந்த ஓட்டைகளை நான் மழைத் தண்ணீர் போக நல்லது என்று விட்டுவைத்திருந்தேன். கேனிலிருந்து தளும்பிய பால் ஒன்பது வருடமாக அந்த ஓட்டை வழியாக நேரே பிரேக் ட்ரம்மில் சொட்டி, உள்ளே புகுந்து, ஸ்பிரிங்கையும் கம்பியையும் சுற்றி ரப்பராகிவிட்டது. என் பலத்துக்குப் பிரேக் பிடித்துக்கொண்டது. திரும்பி வர ஸ்பிரிங்கை ரப்பர் விடவில்லை. தொழிற்சாலையே இல்லாமல் ரப்பர் செய்த டிரைவர் நான் ஒருவன்தான்.

நாலு நட்டைக் கழற்றிச் சாஃப்ட்டை இறக்கினார். பின்பக்கத்து ஸ்குரூவைத் தளர்த்தி, ட்ரம்மைச் சுற்றித் தட்டித் தட்டி உருவினார். உள்ளே இருந்து ரப்பரை இழுக்க இழுக்க வந்தது, ஆட்டுக்குடல் மாதிரி கறுப்பும் மஞ்சளுமாக. வெளியே எறிந்ததைச் சூசையம்மா பாய்ந்து எடுத்தாள்.

"இது எங்க மலைப் பாலு. காஞ்ச பாலுதானே, ஒட்டுப்பால் சாக்குல போடுறேன். ஐயா, நிறுங்க!"

"பிரேக்குல எடுத்ததை எந்தப் பேருல எழுதுறது?" என்றார் மயில்வாகனம்.

"டைவரு பேருல எழுதுங்க. அவருதான் வளத்தாரு" என்றது ஜீப்புக்கு அடியிலிருந்த குரல்.

அதற்குள் நாலாவது கேனின் விளிம்பில் கட்டி கட்டியாகத் தெரிய ஆரம்பித்தது. பெண்கள் ஈரச் சாக்கைப் போட்டு மூடினார்கள். பாஸ் மட்டும் பெட்ரோல் துணியால் ஒவ்வொரு ஸ்பிரிங்காகத் துடைத்தார், லைனிங்கை உப்புத்தாளால் தேய்த்தார், தன் கல்யாண மோதிரத்தைத் துடைக்கிறவர் மாதிரி. அவசரப்படுத்தினால் முதலிலிருந்து தொடங்குவார் என்று எனக்குத் தெரியும். சாஃப்ட்டைத் திரும்பப் பூட்டும்போது நட்டுகளுக்குப் பெயர் சொல்லி இறுக்கினார். அது அவர் வழக்கம், ஒன்று விடுபடாமல் இருக்க. "மத்தேயு... மாற்கு... லூக்கா... யோவான்."

"பவுலு எங்கண்ணே?" என்றாள் சூசையம்மா.

"பவுலு வெளிய நின்னு இறுக்குறவன்."

பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தார். சின்னத்தொரையும் அதே நேரத்தில்தான் கூட்டம் முடிந்து வந்தார், வேலை முடிந்த பிறகு வருவதில் அவருக்கு நல்ல பழக்கம். பாஸ் "வெட ஹரி சேர்" என்று வேலை முடிந்ததைச் சிங்களத்தில் சொல்லி, ஹேண்ட்பிரேக்கை ஒற்றைக் கையால் இழுத்துவிட்டுக் கல்லை எடுத்துக் காட்டினார். சரிவில் ஜீப் அசையாமல் நின்றது. சின்னத்தொரைக்கு முகம் மலர்ந்தது. தன்னுடைய தாள் வேலை செய்கிறது என்று நினைத்திருப்பார். ஹேண்ட்பிரேக் நல்ல நிலையில் இருப்பதாக ஒரு படிவத்தில் பாஸிடம் கையெழுத்து வாங்கினார். பிறகு பூப்பாத்தியில் பல் விழுந்த மாதிரி இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, கல்லைப் பழைய இடத்தில் வைக்கும்படி சிங்களத்தில் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

"ஹரி சேர்" என்றார் பாஸ்.

சூசையம்மா கேனுக்குள் கையை விட்டுப் பார்த்தாள். "இன்னும் பாலாத்தான் இருக்கு. கெளம்புங்க, கெளம்புங்க!"

அன்று பன்னிரண்டு இருபத்தேழுக்கு ஸ்டோரில் இறக்கினேன். பதினொரு பேருக்கும் முழுப் பேர் விழுந்தது. ஆனால் நான் சொல்ல வந்தது, கிளம்புவதற்கு முன் நடந்தது.

பாஸ் செருப்பை மாட்டினார். வெள்ளைக் கல்லை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு பூப்பாத்திப் பக்கம் இரண்டு எட்டு வைத்தார். மடுவத்து ஜன்னலை ஒரு பார்வை பார்த்தார். திரும்பி ஜீப்பைச் சுற்றி வந்து, இடது கதவின் கயிற்றை அவிழ்த்தார். எனக்குப் பக்கத்து சீட்டில் கல்லை உட்கார வைத்து, இதுவரை யாரும் தொடாத புது பெல்ட்டை இழுத்து, அதன் குறுக்கே போட்டு, 'டக்' என்று மாட்டிவிட்டார்.