பாஷா வாசிக்க வேண்டிய வாழ்த்துப் பத்திரம்

அக்பர் பாஷா அச்சுக் கோத்த வாழ்த்துப் பத்திரம் யாருக்கு வாசிக்கப்படுகிறதோ, அவருக்கு மூன்றே மாதத்தில் ராவ் பகதூர் பட்டம் வந்துவிடும் என்று மயிலாப்பூரில் ஒரு பேச்சு உலவியது. கிளப்பிவிட்டவர் யாரென்று தெரியாது. மந்தைவெளி சலூனில் முகமெல்லாம் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்த ஒருவர், தன் சகலை சொன்னதாகச் சொன்னார். சகலைக்கு டிராமில் யாரோ சொன்னார்களாம். விஷயம் காதுக்கு வந்தபோது பாஷா விழுந்து விழுந்து சிரித்தார்.

"அப்டீன்னா மொதல்ல எனக்கு நானே ஒண்ணு அடிச்சிக்கறேன், நைனா!"

கச்சேரி ரோட்டில் தணிகாசலத்தின் அச்சாபீசில் பாஷாவுக்குப் பதினெட்டு வருஷ வேலை. புதிதாக வந்த கலெக்டர், மாற்றலாகிப் போகும் தலைமையாசிரியர், அறுபது முடித்த வியாபாரி என்று யாருக்கு விழா எடுத்தாலும் ஒரு பத்திரம் வாசித்துக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பத்திக்கும் மேலே கொட்டை எழுத்தில் ஒரு கூப்பாடு. கருணைக் கடலே! கல்விக் கொண்டலே! குன்றாப் புகழ்க் குன்றே! இப்படி நாற்பது ஐம்பதைக் கோத்து, நூலால் கட்டி, தயாராக ஒரு தட்டில் அடுக்கி வைத்திருந்தார் பாஷா. ஆளுக்குத் தகுந்தாற்போல் எடுத்துப் பொருத்தினால் வேலை முடிந்தது.

ஒரே ஒரு சங்கடம். மனிதனைத் தெய்வம் என்றோ, வணங்குகிறோம் என்றோ எழுதியிருந்தால் பாஷாவின் விரல் நின்றுவிடும். கும்பிடுவது ஆண்டவனை மட்டும்தான் என்பது அவர் வளர்ந்த வளர்ப்பு. இதற்காக முதலாளியும் அவரும் ஒரு நாளும் உட்கார்ந்து பேசியதில்லை. அந்த வரி வந்ததும் பாஷா, "டீ குடிச்சிட்டு வரேன் மொதலாளி" என்று எழுந்து போவார். திரும்பி வரும்போது தணிகாசலம் அதைக் கோத்து முடித்திருப்பார். பதினெட்டு வருஷமும் இப்படியே ஓடிவிட்டது.

ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தைந்தாம் வருஷம், தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று வேறு மாதிரி விடிந்தது. அன்று சாயங்காலம் மாம்பலத்தில் மரவாடி முதலாளி வெள்ளைச்சாமிக்கு அறுபதாம் ஆண்டு விழா. பத்திரத்தை மேடையேறி வாசிக்கப் போகிறவர் அக்பர் பாஷாவேதான்!

காரணம் இருந்தது. நாற்பத்து மூன்றில் அடையாறு பொங்கிச் சைதாப்பேட்டைக் குடிசைகளை வாரிக்கொண்டு போனபோது, வெள்ளைச்சாமி தன் மரவாடிக் கதவைத் திறந்துவிட்டார். அடுக்கிய மரங்களின் மேல் நாற்பது குடும்பங்கள் பதினோரு நாள் இருந்தன. பாஷாவின் ஆறு மாதக் குழந்தை ஜஹீதாவை மார்பளவுத் தண்ணீரில் தோள்மேல் தூக்கி வந்தவர் அந்த மனிதர்தான். பிழைத்த குடும்பங்கள் கூடி, "நம்மள்ல எழுத்து வாசன உள்ளவரு பாய்தான், அவரே படிக்கட்டும்" என்று தீர்மானித்துவிட்டன. ஊர் பேர் தெரியாதவர்களையெல்லாம் கடலே, குன்றே என்று கூப்பிட்டுக் களைத்த பாஷாவுக்கு, மனசறிந்து புகழ ஒரு ஆள் கிடைத்திருந்தார். மனைவி வஜீஹா தன் அண்ணனிடம் ஷெர்வானி இரவல் வாங்கி, காலையிலேயே இஸ்திரி போட்டு மாட்டிவிட்டாள்.

மதியம் இரண்டு மணிக்கு அச்சாபீசுக்குள் பறந்து வந்தார் பாஷா. மஞ்சள் பட்டுத் துணியில் பத்திரம் அச்சாகி, மை காய்ந்துகொண்டிருந்தது. குனிந்து படித்தவர் மூன்றாவது பத்தியில் நின்றார். கண்கண்ட தெய்வமே!

"மொதலாளி, இன்னா இது? நான் குடுத்ததுல இது இல்லியே!"

தணிகாசலம் தலையைச் சொறிந்தார். "நேத்து நீ போனப்பறம் ரகுபதி சார் வந்து சேத்தாரு. வழக்கம் போல நான் கோத்துட்டேன். நீதான் படிக்கப் போறேங்கறது அச்சடிச்சப்பறம்தான்யா உறைச்சுது!"

மரவாடி மானேஜரும் விழாச் செயலாளருமான ரகுபதி அங்கேயே உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். "போன மாசம் எதிர் வாடிக்காரருக்கு நடமாடும் தெய்வம்னு போட்டாங்க பாய். எங்க ஐயாவுக்கு அதுக்கும் மேல வேணாமா?"

"தெய்வத்துக்கு மேல இன்னா சார் கீது?"

தணிகாசலம் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். ரகுபதி சிரிக்கவில்லை. "ஒரு வார்த்தை. வாயால சொல்லிட்டுப் போங்களேன்."

"சும்மா வாயால சொல்றதுன்னா கடலே, குன்றேன்னு யாருக்கு வேணா சொல்லுவேன் சார். இவருக்கு எப்டி பொய்யாச் சொல்றது? அத மட்டும் தாண்டிப் படிச்சிடட்டுமா?"

"கூட்டத்துல குடுக்க முந்நூறு பிரதி காகிதத்துல அடிச்சிருக்கு. நீங்க தாண்டினா ஐயாவைக் குறைச்சுட்டோம்னு ஆகும். முடியாதுன்னா பத்திரத்தை இப்படிக் குடுங்க, நான் படிக்கிறேன்."

பாஷாவின் கை பட்டின் ஓரத்தை இறுகப் பிடித்தது. சைதாப்பேட்டை ஜனம் பூராவும் வருகிறது. வஜீஹா குழந்தையோடு முன்னால் உட்காரப் போகிறாள். அந்த இடத்தில் இந்த ஆள் நின்று படிப்பதா?

"அவரையே கேட்டுடலாம் சார்!" என்றார் பட்டென்று.

"என்னது! உங்களைத் தெய்வம்னு கூப்பிடலாமான்னு அவர்கிட்டயே கேக்கறதா?"

"கேட்டாத்தான் என்ன?" என்றார் தணிகாசலம். "ஆமா, கூப்பிடுன்னு சொல்லிடுவாரா மனுஷன்?"

ரகுபதி விசிறியை வைத்துவிட்டு எழுந்தார்.

பக்கத்து மருந்துக் கடையில் டெலிபோன் இருந்தது. மூவரும் வேகவேகமாக அங்கே போனார்கள். பாஷா ரிசீவரை எடுத்து, வெள்ளைச்சாமியின் மாம்பலத்துப் பங்களா எண்ணை எக்ஸ்சேஞ்சுக்குச் சொன்னார். இணைப்புக் கிடைத்து மணி அடிக்கத் தொடங்கியது. எடுத்ததும் என்னவென்று கூப்பிடுவது? தட்டிலிருந்த நாற்பது ஐம்பதில் ஒன்றுகூட டெலிபோனுக்கு ஒத்துவரவில்லை. 'ஐயா, நீங்க தோள்மேல தூக்கிக்கினு வந்தீங்களே ஒரு பொண்ணு, அதோட அப்பன் பேசறேன்.' அதுதான் சரி. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அவர் மனசுக்குள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"எடுத்தாங்களா?" என்றார் ரகுபதி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி.

"அடிக்குது சார்."

பாஷா ரிசீவரைக் காதோடு இன்னும் அழுத்தினார். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.