அப்ரைசர் என்ற ஒரு வார்த்தை

சென்னீர்குப்பத்தில் தள்ளுவண்டியில் பிரியாணி விற்ற பஷீர் பாய் என் கூட்டாளி. பழைய குட்டி விமானம் ஒன்றை வாங்கி, அதற்குள் ஓட்டல் நடத்த வேண்டும் என்பது எங்கள் ஆசை. விமானத்தின் மதிப்பைப் பார்த்துச் சொல்ல ஆள் பிடிக்கும் பொறுப்பை என்னிடம் விட்டார். எதையும் பத்து முறை சந்தேகப்படுகிறவன் நான்தானே!

ஆனால் நான் ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவன். மதிப்பு போட வந்தவர் நீட்டிய ஆங்கிலச் சான்றிதழில் ‘அப்ரைசர்’ என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. நகை அடகு வைக்கும் பேங்கில், மதிப்பு போடுகிறவரின் மேசையில் பார்த்த சொல். மீதி புரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

“முழுசா படிச்சிட்டேன் பாய், கரெக்டா கீது” என்றேன்.

அந்தத் தெம்பில் பாய், விமானத்துக்கு அட்வான்ஸ் கொடுக்க வண்டியை விற்றுவிட்டார்.

அட்வான்ஸ் கொடுக்கும் நாளன்றுதான் அவர் அந்தத் தாளைப் பார்த்தார்.

“இன்னா மச்சான், இது நகைக்கு மதிப்பு போடற சர்ட்டிபிகேட்டு! ஏரோப்ளேன உரைகல்லுல தேய்ச்சா பாப்பாரு?”

வந்தவரிடம் கேட்டால், “நீங்க எதுவுமே கேக்கலியே” என்கிறார்.

பாய் என்னைத் திட்டவில்லை. “படிக்கத் தெரியாதது தப்பில்ல மச்சான். படிச்சேன்னு சொன்ன பாரு, அத்த நம்பித்தான் வண்டிய வித்தேன்” என்றார்.

அடுத்து வந்தவரிடம், “எனக்கு இங்கிலீஷ் வராது, நீங்களே படிச்சு அர்த்தம் சொல்லுங்க” என்றேன். இரண்டே நிமிட வேலை. அதை முதலிலேயே செய்யாமல் போன என்மேல் இன்றும் எரிச்சலாக வருகிறது. அவர் படித்து முடித்ததும் பாய் கை நீட்டி அந்தத் தாளை வாங்கினார். அதற்கு முன்பெல்லாம் என் பேச்சே அவருக்குப் போதும்.