மாமா சொன்ன திசை

மந்தைவெளியில் ஒன்று, ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒன்று என்று இன்றைக்கு எனக்கு இரண்டு மீன் கடைகள். இரண்டிலும் ஏ.சி. உண்டு. கூடையைத் தலையில் வைத்து ஆரம்பித்தவள் நான். மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் பார்த்ததில்லை, யாரும் தூக்கிவிடவும் இல்லை. இதை நான் எல்லோரிடமும் சொல்வேன், நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

போன வாரம் வஞ்சிரம் வாங்க வந்த காலேஜ் டீச்சரம்மா ஒரு விஷயம் சொன்னார். சில கதைகளில் கதையைச் சொல்கிற ஆளையே நம்பக் கூடாதாம். எதை மறைக்கிறான், எங்கே கூட்டிச் சொல்கிறான் என்று படிக்கிறவர்கள்தான் கண்டுபிடிக்க வேண்டுமாம். பிள்ளைகளுக்கு அதைப் புரியவைப்பதற்குள் தொண்டை வறண்டுவிடுகிறதாம். "எங்க மாமா உசுரோட இருந்தா ஒரு நாளு உங்க கிளாஸுக்கு அனுப்பியிருப்பேன்," என்றேன். அவர் சிரித்துக்கொண்டே மீனை வாங்கிப் போய்விட்டார். எனக்குத்தான் அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

மாமா என்றால் என் அம்மாவின் தம்பி. மயிலாப்பூருக்குக் கிழக்கே, மணலை ஒட்டி இருந்த எங்கள் குப்பத்தில் அவரைப் போலப் பொய் சொல்ல ஆள் கிடையாது. தப்பாக நினைக்க வேண்டாம். கடலுக்குப் போகிறவன் மீன் கிடைத்த இடத்தைச் சொல்ல மாட்டான். கடலுக்கடியில் பாறை இருந்தால் அங்கே மீன் அண்டும். பாறையைக் கண்டுபிடித்தவன் அதைத் தன் பிள்ளைக்கு மட்டும் காட்டுவான், மற்றவர்கள் கேட்டால் வேறு திக்கில் கையை நீட்டுவான். கேட்கிறவர்களும் பொய் என்று தெரிந்தேதான் கேட்பார்கள். யாருக்கும் கோபம் வராது.

மாமா மட்டும் இதை ஒரு கச்சேரி மாதிரி நடத்துவார். தண்ணீரின் நிறம், காற்றின் வாசனை, பக்கத்தில் துள்ளிய மீன் அவரைப் பார்த்த பார்வை, எல்லாம் வரும். முடிவில் பெற்ற தாய் மேல் சத்தியம். சத்தியம் வந்துவிட்டால் முழுப் பொய் என்று ஆண்கள் எழுந்து வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டுவார்கள். மறுநாள் அவர் சொன்ன திசையைத் தவிர மற்ற எல்லாப் பக்கமும் கட்டுமரங்களின் பாய் விரியும்.

அவரும் அப்பாவும் சேர்ந்து கண்டுபிடித்த பாறை ஒன்று இருந்தது. எனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது அதன் அடையாளத்தை அப்பா என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். மூத்தது பெண்ணாகப் போனதால் கடலுக்குக் கூட்டிப்போக முடியாது, வாயாலாவது சொல்லி வைத்தார். கடலில் நின்று கரையைத் திரும்பிப் பார்த்தால், மாதா கோயில் கோபுரம் தூரத்துப் பரங்கிமலை முதுகின் நடுவில் உட்கார்ந்த மாதிரித் தெரிய வேண்டும். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினால் டங்கென்று கை அதிர வேண்டும். "யாராண்டயும் வாயத் தொறக்காத. உங்கம்மாவாண்ட கூட," என்றார். நான் திறக்கவில்லை. அந்த வயதிலேயே நான் அப்படி.

அந்த வருஷம் ஒரு நாள் அப்பாவும் மாமாவும் ஆளுக்கொரு சின்னக் கட்டுமரத்தில் போனார்கள். விடியும்போது நன்றாக இருந்த காற்று, வெயில் ஏறியதும் திரும்பிக்கொண்டது. அலை வெள்ளை வெள்ளையாக உடைந்தது. ஒவ்வொரு மரமாக அவசரமாகக் கரையேறியது. மணலில் நின்ற பெண்கள் வந்த மரங்களை எண்ணினார்கள். அம்மா என் குட்டித் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றாள். அவள் புடவையைப் பிடித்திருந்தேன். அது நனைந்து நனைந்து என் கையில் கனத்தது.

கடைசியில் மாமா வந்தார். பாய் கிழிந்திருந்தது. தனியாக வந்தார்.

"பாறைல வலை மாட்டிகிச்சு. அறுத்துட்டு வா மச்சான்னு கத்துனேன். வுட மாட்டேன்னுட்டாரு. பெரிய அலை ஒண்ணு வந்துச்சு. அப்பால அவரு என் கண்ணுல படல."

"எங்கடா?" என்றார் ஊர்த் தலைவர்.

மாமா தண்ணீரின் நிறத்தைச் சொல்லவில்லை. "வடக்கே, கெழக்கால. கோயில் கோபுரம் மலை முதுவுல குந்துற எடம்."

யாரும் நகரவில்லை. "இந்த நேரத்துலயும் கதை வுடறான் பாரு," என்றார் ஒருவர். "நீரோட்டம் தெக்கால ஓடிக்கினு கீது, இவன் வடக்குன்றான்," என்றார் இன்னொருவர்.

"எங்கம்மா மேல சத்தியம்!" என்று மாமா கத்தினார்.

அதோடு போயிற்று. "சத்தியம் வேற பண்ணிட்டானா? அப்ப வடக்கு இல்ல. அடையாறு முகத்தாண்ட தேடலாம், எறக்குங்கடா மரத்த!" என்றார் தலைவர்.

மாமா தலைவரின் காலைப் பிடித்தார். "நைனா, இந்த ஒரு தபா நம்பு நைனா." தலைவருக்கும் கண் கலங்கியது. "பயத்துல புத்தி கலங்கிட்ச்சு, பாவம்," என்று காலை மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

மாமா பிறந்ததிலிருந்து முதல் தடவையாக உண்மை பேசுகிறார் என்று அந்தக் கடற்கரையில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதே கோபுரம், அதே மலை. நான் வாயைத் திறந்தால் பாறை ஊருக்கே தெரிந்துவிடும். அப்பா வந்து, யாரடி சொன்னது என்று கேட்பார். திறக்காவிட்டால் கேட்பதற்கு அப்பா வருவாரா? முதல் மரம் அலையைத் தாண்டித் தெற்கே தலையைத் திருப்பியது.

"மாமா சொல்றது நெசம்! எங்கப்பாவும் அதான் சொன்னாரு!"

தலைவர் என் முன்னால் மணலில் குந்தினார். "இன்னா சொன்னாரு கண்ணு?"

"கோபுரம் மலை முதுவுல குந்தும்னாரு. கல்லை எறக்குனா டங்குன்னு கை அதிரும்னாரு."

கல்லைப் பற்றி மாமா சொல்லியிருக்கவில்லை. அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். தலைவர் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு எழுந்து, தோள் துண்டை வீசிக் கத்தினார். "வடக்கே திருப்புங்கடா!"

பாய்கள் சின்னதாகி மறைந்த பிறகுதான் எனக்கு நிஜமான பயம் வந்தது. அப்பாவும் கடலுக்குப் போகிறவர்தானே. விளையாட்டுப் பிள்ளை, எங்கேயாவது உளறிவிடும் என்று என்னிடமும் பொய் அடையாளத்தைச் சொல்லியிருந்தால்? மாமாவும் அவரும் ஒரே பொய்யைப் பேசி வைத்திருந்தால்? அத்தனை மரங்களையும் நான் தப்பான பக்கம் அனுப்பிவிட்டேனா? அம்மாவிடம் கேட்கலாம் என்று நிமிர்ந்தேன். அவள் உதடு எதையோ சொல்லிக்கொண்டே இருந்தது, சத்தம் வரவில்லை. கேட்காமல் விட்டேன்.

வெயில் சாய்ந்த நேரத்தில் மரங்கள் திரும்பின. தலைவரின் மரத்தில் அப்பா குப்புறக் கிடந்தார். நெஞ்செல்லாம் கட்டை உரசிக் கிழித்த ரத்தம். பாறையில் மாட்டிய வலை இழுத்துப் பிடித்திருக்க, கவிழ்ந்த மரத்தைக் கட்டிப்பிடித்தபடி அங்கேயே மிதந்தாராம். உயிர் இருந்தது. அவரைக் காப்பாற்றியது நான்தான். குப்பத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அவர்கள் சொல்லாவிட்டால் நான் சொல்வேன்.

சூடாகக் கஞ்சி குடித்து அப்பாவுக்குக் குரல் வந்ததும், தேடப் போன ஆண்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். "எங்கடா மாட்டிக்கின?" என்று கேட்டார் தலைவர்.

அப்பா மாமாவைப் பார்த்தார். பிறகு கையைத் தெற்கே நீட்டினார். "அடையாறு முகத்துக்கு நேரா. பாறை கீறையெல்லாம் இல்ல. ஏதோ பழைய நங்கூரம்."

"ஆமா, தண்ணி கலங்கலா கீது அங்க," என்றார் மாமா.

எனக்குத் தலை சுற்றியது. வடக்கே போய், கல்லை இறக்கிப் பாறையைத் தொட்டுப் பார்த்து, தங்கள் கையாலேயே அவரைத் தூக்கி வந்தவர்கள் அத்தனை பேரும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர், "நங்கூரமா? பெருசா?" என்று விசாரிக்கவே செய்தார். அப்பா இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

"இல்ல, வடக்..." என்று ஆரம்பித்தேன். அம்மாவின் கை வந்து என் வாயைப் பொத்தியது.

"தெக்கால தான். நாங்களும் பாத்தமே," என்று தலைவர் எழுந்து வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டினார்.

பெரியவர்கள் எல்லோரும் ஒன்றுசேர்ந்து என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டார்கள் என்று அழுதுகொண்டே படுத்தேன். மீன் துள்ளும் பாறை எங்கே இருக்கிறது என்று தெரிந்தும், அதற்குப் பிறகு ஒருவரும் அந்தப் பக்கம் வலை போடவில்லை, அதையும் நான் கவனிக்கவில்லை. நான் கத்தி ஊருக்கே கொடுத்துவிட்ட ரகசியத்தை, அப்பாவின் பொய்யை உட்கார்ந்து கேட்டு, நம்பியதாகத் தலையாட்டி, அவர்கள் அவருக்கே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.