எறும்பு நுழைந்த சக்கு

எங்கள் பட்டறைப் பக்கம் வந்து என் வீட்டுக்காரரின் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. "அட்ஜஸ்ட்" என்று கேளுங்கள், கையோடு கூட்டிவந்து விட்டுவிடுவார்கள். எது பொருந்தாவிட்டாலும் நடுவில் எதையாவது செருகிப் பொருத்திவிடுகிற மனிதர். சாப்பாட்டு மேசையின் காலுக்கு அட்டை, ஒழுகும் குழாய்க்குக் கிழிந்த பனியன், மூக்குக் கண்ணாடிக்குச் செம்புக் கம்பி. கட்டிய பல் ஆடுகிறது என்று அதற்கடியிலும் மெழுகுவத்தியை உருக்கி வைத்துக்கொண்ட மகானுபாவர். சூடாக எதையாவது குடித்தால் மெழுகு இளகிவிடும். உடனே பல்லைக் கழற்றித் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பார். அதே மேசையில்தான் நானும் சாப்பிட்டாக வேண்டும். தூ!

என் நாத்தனார் மட்டும் இதையெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிவாள். "எங்கண்ணன் கை வெச்சா எதுவும் சேந்துக்கும் அண்ணி" என்பாள். சேரும், சேரும். எவ்வளவு நேரத்துக்கு என்று மட்டும் அவளிடம் கேட்கக் கூடாது.

பட்டறையில் இரும்பு கடைகிற லேத்து மெஷினை ஓட்டுவது நான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே டர்னர் வேலை பார்த்தவள். அவர் வெளியே போய் வேலை பிடித்து வருவார், மற்ற நேரமெல்லாம் வாயாலேயே ஓட்டுவார். எங்கள் லேத்து சரியான கிழடு. இரும்பைக் கவ்விக்கொண்டு சுழலும் கனத்த வட்டம் இருக்கிறதே, அதுதான் சக்கு, அது ஸ்பிண்டில் என்கிற சுழல்தண்டின் முனையில் இருக்கும் மரையில் திருகித்தான் நிற்கும். வேறு பிடிப்பு கிடையாது. மரையைச் சுத்தமாகத் துடைத்து, எண்ணெய் விட்டு, கையாலேயே திருகிக்கொண்டு போனால் கடைசியில் அடிவிளிம்பில் 'டக்' என்று உட்காரும். அந்தச் சத்தத்தைக் கேட்காமல் நான் சுவிட்சைத் தொடமாட்டேன். சரியாக உட்காராத சக்கு ஓடும்போது கழன்றால் அது வந்து விழுகிற இடம் என் வயிறு, இல்லையென்றால் என் கால்.

பழைய சக்கின் தாடைகள் தேய்ந்துபோய் எதையும் பிடிக்கவில்லை. வேறு வாங்கச் சொல்லியிருந்தேன். அக்காவுக்கு ஆபரேஷன் என்று நான் அவள் வீட்டுக்குப் போன சமயம் பார்த்து, பழைய இரும்புக் கடையிலிருந்து ஒன்றைத் தூக்கிவந்து தானே மாட்டிவிட்டார். நான் திரும்பி வந்த அன்று வாசலிலேயே வரவேற்பு.

"சக்கு மாட்டியாச்சு. சும்மா கல்லு மாதிரி நிக்குது. போய் ஓட்டு."

காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். லேத்தின் மேல் எறும்பு. எண்ணெயும் இரும்பும் நாறுகிற இடத்தில் எறும்புக்கு என்ன வேலை? சாரை சாரையாகப் போய்ச் சக்குக்குப் பின்னால் நுழைந்துகொண்டிருந்தன. சக்கு ஒழுங்காக உட்கார்ந்திருந்தால் அங்கே எறும்பு நுழைய ஏது இடம்?

"உள்ள என்ன வெச்சீங்க?"

"ஒண்ணுமில்ல. மரை கொஞ்சம் லூசு. பிஸ்கட் தாளைச் சுத்தித் திருகி, சுத்தியலால ரெண்டு போடு போட்டேன்."

"க்ரீம் பிஸ்கட்டா?"

"உனக்கெப்படித் தெரியும்?" என்று பல்லைக் காட்டினார். பல் அன்றைக்கு வாயில்தான் இருந்தது.

குனிந்து பார்த்தேன். இடுக்கில் பழைய கிரீஸ், இரும்புத் துகள், ஒரு கொத்துத் தலைமுடி, பிஸ்கட் மாவு எல்லாம் கறுப்பாகக் குழைந்து பிதுங்கியிருந்தன. துடைக்கவே இல்லை. தாளை எச்சில் தொட்டுத்தான் ஒட்டியிருப்பார், அதுதான் அவர் வழக்கம்.

"மரை லூசு லேத்துக்கா, உங்களுக்கா?"

"இதுக்குத்தான் பொம்பளைங்ககிட்ட மெஷினக் குடுக்கக் கூடாதுங்கறது. சும்மா பயந்து சாவுற."

"அப்போ நீங்களே ஓட்டிக் காட்டுங்க."

ஆகட்டும் என்றார். ஆனால் நான் நிற்கும் இடத்துக்கு வரவில்லை. மூலையில் கிடந்த ஒட்டடைக் கம்பை எடுத்துக்கொண்டு இரும்பு பீரோவுக்குப் பின்னால் போய்ப் பதுங்கினார். அங்கிருந்து கம்பை நீட்டி, நுனியால் சுவிட்சைத் தள்ளினார். நான் வாசலுக்கு நகர்ந்துவிட்டேன்.

"பாத்தியா? எவ்ளோ அழகா சுத்துது!" பீரோவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

பிறகு நிறுத்துகிறேன் பேர்வழி என்று கம்பை ஒரேயடியாகத் தள்ளி ரிவர்ஸில் போட்டுவிட்டார். ஸ்பிண்டில் எதிர்ப்பக்கம் திரும்பியது, சக்கு திரும்பவில்லை. தன் போக்கில் கழன்று, லேத்தின் இரும்புப் படுகையில் இடித்து, நான் தினமும் ஏறி நிற்கிற பலகையை இரண்டாகப் பிளந்துவிட்டுத் தரையில் உருண்டது.

அவர் மெல்லத் தலையை நீட்டினார். பலகையைப் பார்த்தார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"அப்பாடா! நல்லவேளை, நான் அங்க நிக்கல."

மேசைக்கு அட்டை, குழாய்க்குப் பனியன், தனக்கும் இந்த லேத்துக்கும் நடுவில் நான். இத்தனை வருஷம் இது எனக்கு உறைக்கவே இல்லை. அவர் அதற்குள் குனிந்து, அறுந்து தொங்கிய தாளை நிமிண்டிக்கொண்டிருந்தார்.

"தாளை ஒரு சுத்துதான் சுத்தினேன், அதான். இன்னொரு தாள் வெச்சா போதும்."

காக்கிச் சட்டையைக் கழற்றினேன். அவர் கையிலிருந்த ஒட்டடைக் கம்பின் நுனியில் மாட்டினேன்.

"இந்தாங்க. இனிமே நீங்களே நில்லுங்க."

"ஏய், எனக்கு லேத்து ஓட்டத் தெரியாதுடி!"

"அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டு, இன்னும் பிரிக்காத என் பையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கே திரும்பி நடந்தேன்.